உறைந்த தோள்: அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எங்கே பார்க்க வேண்டும்?

தோள் வலிக்காக எடுக்கும் ஸ்கேன் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு: சுப்ராஸ்பினேட்டஸ் (கையைத் தூக்க உதவும் தோள் தசை) தசைநாணில் லேசான தேய்வு, பைசெப்ஸ் (மேற்கையின் முன்தசை) உறையில் கொஞ்சம் நீர், கிழிசல் இல்லை. வந்தவருக்கோ தலை சீவக் கை எழவில்லை, சட்டைக் கைக்குள் கை நுழையவில்லை. ஏன் என்பதற்கு அறிக்கையில் பதில் இருக்காது. ஸ்கேன் செய்தவரின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. வழக்கமான தோள் ஸ்கேனின் படிநிலைகள் தசைநாண்களைப் பார்ப்பதற்காக வகுக்கப்பட்டவை. உறைந்த தோளில் கெடுவது தசைநாண்களுக்கு அடியில் மூட்டைப் போர்த்தியிருக்கும் மூட்டுறை. அதைத் தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

இந்த நோயின் பெயர்களே அதைப் பற்றிய புரிதல் எப்படி நகர்ந்தது என்று காட்டுகின்றன. 1872-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் டுப்ளே இதை மூட்டைச் சுற்றிய அழற்சி என்றார். 1934-இல் அமெரிக்காவின் காட்மேன் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று பெயரிட்டார். 1945-இல் நெவியாசர் மூட்டுறையே தடித்துச் சுருங்கியிருப்பதைக் கண்டு 'அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ்' என்றார். ஒட்டிக்கொண்ட மூட்டுறை என்று அதற்குப் பொருள். பெயரில் ஒட்டுதல் இருந்தாலும், உள்ளே உண்மையில் நடப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். முதலில் அழற்சி வருகிறது, புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. பிறகு நார்த்திசு கூடி உறை தடிக்கிறது, இழுபடும் தன்மையை இழக்கிறது. நல்ல தோள் மூட்டுக்குள் 15 மி.லி.க்கு மேல் திரவம் செலுத்தலாம். உறைந்த தோளில் பல நேரம் 10 மி.லி.கூடக் கொள்ளாது.

சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, முன்பக்கம் சுப்ராஸ்பினேட்டஸ், சப்ஸ்கேபுலாரிஸ் (தோள்பட்டை எலும்பின் முன்பக்கத் தசை) ஆகிய இரு தசைநாண்களுக்கும் இடைப்பட்ட முக்கோண இடைவெளி; இதற்கு ரொட்டேட்டர் இன்டர்வல் என்று பெயர். இதன் கூரையாக, தோள்பட்டை எலும்பின் முன்புறம் நீளும் கொராகாய்டு முனையிலிருந்து மேற்கை எலும்புக்கு ஓடுவது கொராகோஹியூமரல் இணைப்புநார். மற்றொன்று, அக்குளுக்குள் தொங்கும் மூட்டுறையின் கீழ்ப்பை. கை கீழே இருக்கும்போது இந்தப் பை மடிந்து தளர்ந்திருக்கும். கையைத் தூக்கும்போது விரிந்து இடம் கொடுக்கும். முன்புற இணைப்புநார் சுருங்கினால் கை வெளிப்பக்கம் திரும்பாது. கீழ்ப்பை சுருங்கினால் கை பக்கவாட்டில் மேலே எழாது. நோயாளி சொல்லும் குறைகள் இந்த இரண்டு இடங்களிலிருந்தே வருகின்றன. ஸ்கேனும் அங்கேயே போக வேண்டும்.

ப்ரோபை எடுக்கும் முன்

முதல் சோதனைக்குக் கருவி தேவையில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கமாக நாமே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். நோயாளி தானாகச் செய்யும் அசைவும் நாம் பிடித்து அசைக்கும் அசைவும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் சந்தேகம் மூட்டுறையின் மேல் விழுகிறது. தானாகத் தூக்க முடியாமல், நாம் தூக்கினால் முழுதாக வந்தால் தசைநாண் கிழிசலையோ நரம்புப் பிரச்சினையையோ நினைக்க வேண்டும். இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யாமல் எடுத்த ஸ்கேனைப் படிப்பது, கேள்வி தெரியாமல் விடைத்தாள் திருத்துவது போன்றது.

வயதும் உடல்நிலையும் கணக்கில் வர வேண்டும். 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. தைராய்டு கோளாறும் சேர்ந்திருக்கலாம். கை எலும்பு முறிந்தோ அறுவைக்குப் பிறகோ தோளை நெடுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வரும்.

கருவியைப் பொறுத்தவரை, நேர்கோட்டு ப்ரோப் (தோலில் வைத்து நகர்த்தும் ஸ்கேன் முனை) போதும். மெலிந்த உடலுக்கு 12 முதல் 15 மெகாஹெர்ட்ஸ், தோள் தசை தடித்தவர்களுக்கும் அக்குளுக்கும் 7 முதல் 10 வரை இறக்கிக்கொள்ளலாம். அதிர்வெண் கூடினால் விவரம் கூடும், ஆழம் குறையும். அக்குளில் ஆழம் இல்லாமல் மூட்டுறையின் விளிம்பு மங்கிவிடும்.

முன்புற இணைப்புநார்

நோயாளி உட்கார்ந்திருக்க, கை பக்கத்தில் தொங்க, தாங்கும் அளவு வரை வெளிப்பக்கம் திருப்பிய நிலை. கொராகாய்டு முனையை விரலால் தடவிக் கண்டுபிடித்து, ப்ரோபின் ஒரு முனையை அதன்மேல் வைத்து, மறுமுனையை மேற்கை எலும்பின் பெரிய புடைப்பை நோக்கிச் சாய்க்க வேண்டும். கொராகாய்டின் பக்கவாட்டு விளிம்பிலிருந்து கிளம்பும் பட்டையாக இணைப்புநார் தெரியும். நல்ல தோளில் அது ஒரு மெல்லிய வெளிர்க் கோடு. சில நேரம் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். உறைந்த தோளில் தேடவே வேண்டாம், தடித்துக் கருமை கலந்த பட்டையாகத் தானே நிற்கும்.

எவ்வளவு தடிப்பு? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் உறைந்த தோள் உள்ளவர்களின் சராசரி சுமார் 3 மி.மீ. இருந்தது. வலி இல்லாதவர்களிலும், வேறு காரணத்தால் வலி உள்ளவர்களிலும் அது 1.3 முதல் 1.4 மி.மீ.தான். இந்த இரண்டாவது ஒப்பீடுதான் பயனுள்ளது. வலி இருப்பதாலேயே இணைப்புநார் தடிப்பதில்லை என்பதை அது சொல்கிறது. ஆனால் வித்தியாசம் வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் என்பதை மறந்துவிடக் கூடாது. அளவுக்குறியை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே முடிவு மாறலாம். அதனால் ஒருமுறை அளந்து எழுதிவிடாமல், ப்ரோபை எடுத்து மறுபடி வைத்து மூன்று முறை அளப்பதும், மறு தோளையும் அதே கோணத்தில் அளப்பதும் நல்லது.

இங்கே நேரும் பிழைகளில் முதலிடம் சாய்வுக்கு. நார்கள் ஒலி அலைக்குச் செங்குத்தாக இருந்தால்தான் வெளிராகத் தெரியும். ப்ரோப் சில பாகை சாய்ந்தாலே நல்ல நாரும் கருத்துவிடும். கருமையைக் கண்டவுடன் நோய் என்று எழுதாமல், ப்ரோபை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கோணத்திலும் வெளிறவில்லை என்றால்தான் அந்தக் கருமை உண்மை. இரண்டாவது பிழை கை நிலையில் வருகிறது. கை உள்பக்கம் திரும்பியிருந்தால் இணைப்புநார் தளர்ந்து மடிந்து, தடித்தது போலத் தோன்றும். உறைந்த தோளில் வெளிச்சுழற்சியே குறைவு என்பதால், நோயுற்ற பக்கத்தைத் தளர்ந்த நிலையிலும் நல்ல பக்கத்தை இழுபட்ட நிலையிலும் அளந்துவிடுவது எளிது. நோயுற்ற கை எத்தனை பாகை திரும்புகிறதோ, நல்ல கையையும் அத்தனையே திருப்பி அளக்க வேண்டும்.

மூன்றாவது பிழை, எம்.ஆர்.ஐ. எண்ணை இங்கே கொண்டுவருவது. எம்.ஆர்.ஐ.யில் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்ற வரம்பு புழக்கத்தில் உண்டு. அது வேறு கருவி, வேறு வெட்டுத் தளம். அந்த 4-ஐ அல்ட்ராசவுண்டில் எதிர்பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட தோள்கள் 'நார்மல்' ஆகிவிடும்.

இதே பார்வையில் ப்ரோபைச் சற்று நகர்த்தினால் பைசெப்ஸின் நீண்ட தசைநாண் ரொட்டேட்டர் இன்டர்வலுக்குள் நுழையும் இடம் வரும். அதைச் சுற்றிய திசு இயல்பாக வெளிராக இருக்கும். நோயில் அது கருமையாகி, தசைநாணைக் கவ்விப் பிடித்தது போலத் தெரியும். அங்கே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் போட்டால், வலி மிகுந்த ஆரம்பக் கட்டத்தில் ரத்த ஓட்டப் புள்ளிகள் தென்படலாம். டாப்ளருக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, மெதுவான ஓட்டத்தைப் பிடிக்க வேகவரம்பைக் குறைவாக வைத்து, கெயினை (சைகையைப் பெருக்கும் அளவை) இரைச்சல் தோன்றும் அளவு வரை ஏற்றிப் பிறகு ஒரு படி இறக்க வேண்டும். மற்றொன்று, ப்ரோபை அழுத்தவே கூடாது. தடிமனாக ஜெல் தடவி அதன்மேல் மிதக்கவிட வேண்டும். கை கனத்தால் அந்த மெல்லிய குழாய்கள் நசுங்கிப்போகும். பைசெப்ஸுக்கு வெளிப்புறமாக ஒரு சிறு தமனி ஓடுவது எல்லோருக்கும் இயல்பு. அதன் ஒளிப்புள்ளியை அழற்சி என்று எண்ணிவிடக் கூடாது. இறுகிய கட்டத்துக்கு வந்துவிட்ட தோளில் டாப்ளர் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அக்குள் வழியே

பலரும் தவறவிடுவது இந்தப் பார்வையைத்தான், வழக்கமான படிநிலைகளில் இது இடம்பெறாததால். நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்ல வேண்டும். 90 பாகை வந்தால் நல்லது. உறைந்த தோளில் 40, 50 பாகையில் நின்றுவிடும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். ப்ரோபை அக்குளின் நடுவில் மேற்கை எலும்புக்கு இணையாக வைத்தால், எலும்புத் தலையின் வளைவும் அது கழுத்தாகக் குறுகும் இடமும் வெளிர்க் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின்மேல் போர்த்திய பட்டைதான் மூட்டுறை. எலும்பு விளிம்பிலிருந்து பட்டையின் வெளிவிளிம்பு வரை செங்குத்தாக அளக்க வேண்டும்.

2013-இல் வந்த ஓர் ஆய்வில் நோயுற்ற பக்கத்தில் இது சராசரி 4 மி.மீ., அதே ஆளின் மறு தோளில் 1.3 மி.மீ. முன்புற இணைப்புநாரைவிட இங்கே வித்தியாசம் அகலமானது. அளவுக்குறி கொஞ்சம் தவறினாலும் முடிவு தடுமாறாது. ஒரே ஓர் எண்ணைத்தான் அறிக்கையில் எழுத இடமுண்டு என்றால் இதை எழுதலாம்.

கை போதிய அளவு எழாதபோது பை மடிந்து இரட்டையாகத் தெரியும். மடிப்பையும் சேர்த்து அளந்தால் நல்ல தோளும் நோயாகிவிடும். மறு தோளையும் அதே கோணத்தில் நிறுத்தி அளப்பதே இதற்கு வழி. கீழ்ப்பையை ஒட்டி ஒரு தமனியும் ஆக்சிலரி நரம்பும் ஓடுகின்றன. டாப்ளரில் அந்தத் தமனியின் துடிப்பை மூட்டுறையின் ரத்த ஓட்டம் என்று படிக்கும் தவறும் நடக்கிறது. நீரிழிவு உள்ளவர்களில் இரண்டு தோள்களும் பாதிக்கப்படுவது அரிதில்லை. அப்படிப்பட்டவரிடம் மறு தோளோடு ஒப்பிட்டு வித்தியாசம் இல்லை என்று எழுதுவதில் பொருளே இல்லை, அங்கே தனி எண்தான் பேச வேண்டும்.

அசைத்துப் பார்த்தல்

அல்ட்ராசவுண்டுக்கு எம்.ஆர்.ஐ.யிடம் இல்லாத பலம் ஒன்று உண்டு: மூட்டு அசையும்போதே பார்க்கலாம். தடிமனை அளப்பதைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குவது தகும்.

ப்ரோபை, தோளின் உச்சியில் உள்ள எலும்பு முனையான அக்ரோமியனின் வெளிவிளிம்பில் நீளவாக்கில் வைத்து, ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உதவியாளரை நோயாளியின் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்ல வேண்டும். நல்ல தோளில் மேற்கை எலும்பின் பெரிய புடைப்பும் அதன்மேல் உள்ள சுப்ராஸ்பினேட்டஸும் அக்ரோமியனுக்கு அடியில் வழுக்கிச் சென்று மறையும். உறைந்த தோளில் புடைப்பு அக்ரோமியன் வரை வந்து நின்றுவிடும், அல்லது நெருங்கவே நெருங்காது. தோள்பட்டை முழுவதும் ஒரே கட்டையாக மேலே எழும். தோள்பட்டையைப் பிடிக்காமல் செய்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். கை எழுவதாகத் தெரியும், உண்மையில் எழுவது தோள்பட்டை எலும்பு.

இம்பின்ஜ்மென்ட் (அக்ரோமியனுக்கு அடியில் தசைநாண் நெருக்கப்படுதல்) என்ற தவறான முடிவு பிறப்பதும் இதே இடத்தில்தான். கையைத் தூக்கும்போது வலிக்கிறது, அக்ரோமியன் அருகே ஏதோ தடுக்கிறது, அடியிலுள்ள நீர்ப்பை சற்றுத் தடித்திருக்கிறது. உடனே அந்தப் பெயர் எழுதப்படுகிறது, ஊசியும் நீர்ப்பைக்குள் போகிறது. மூட்டுக்குள் இருக்கும் நோய் அப்படியே நிற்கிறது. இம்பின்ஜ்மென்டில் நாம் தூக்கினால் வலித்தாலும் கை மேலே போகும். இங்கே போகாது.

வெளிச்சுழற்சியையும் திரையில் பார்க்கலாம். ப்ரோபை முன்புறம் குறுக்காக வைத்து, கொராகாய்டையும் மேற்கை எலும்பின் சிறிய புடைப்பையும் ஒரே படத்தில் கொண்டுவந்து, முன்கையை மெல்ல வெளியே திருப்பினால், சப்ஸ்கேபுலாரிஸ் கொராகாய்டுக்கு அடியிலிருந்து நீளமாக இழுபட்டு வெளிவர வேண்டும். உறைந்த தோளில் கொஞ்சம் வந்து நிற்கும். எத்தனை பாகையில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுப்ராஸ்பினேட்டஸை முழுதாகப் பார்க்க, கையைப் பின்பாக்கெட்டில் வைக்கச் சொல்வது வழக்கம். உறைந்த தோள் உள்ளவருக்குக் கை பின்னே போகாது. தசைநாணின் ஒரு பகுதி அக்ரோமியனுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். அப்படி இருக்கும்போது 'கிழிசல் இல்லை' என்று உறுதியாக எழுதுவது சரியில்லை. 'கை நிலை அமையாததால் முழுதாகப் பார்க்க இயலவில்லை' என்பதே நேர்மையான வாசகம். அந்த நிலைக்குக் கை வரவில்லை என்பதே ஒரு கண்டுபிடிப்பு என்பதால் அதையும் எழுத வேண்டும்.

பைசெப்ஸ் உறையில் நீர் இருப்பது தனியே எதையும் நிரூபிக்காது. அந்த உறை மூட்டோடு இணைந்தது. மூட்டுக்குள் இடம் குறைந்தால் நீர் அங்கே தள்ளப்படும். தசைநாண் கிழிந்தாலும், மூட்டு தேய்ந்தாலும் அங்கேயே சேரும். மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் படித்தால் துணைச் சான்று, அவ்வளவுதான்.

ஸ்கேன் விலக்க வேண்டியவை

உறைந்த தோளை உறுதிசெய்வதைவிட, அதன் வேடத்தில் வருபவற்றைப் பிடிப்பதே ஸ்கேனின் பெரிய உதவி என்றும் சொல்லலாம். சுப்ராஸ்பினேட்டஸுக்குள் நிழல் விழுத்தும் வெளிர்க் கட்டி தெரிந்தால் அது சுண்ணாம்புப் படிவு. அதன் கடும் வலியும் தோளை அசையவிடாது. பின்புறப் பார்வையில் மூட்டுக்குள் நிறைய நீர் இருந்து, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித்தொற்றை முதலில் நினைக்க வேண்டும். சுருங்கிய மூட்டில் அவ்வளவு நீருக்கு இடமிராது. வயதானவருக்கு இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் இறுகி, இரு பக்கமும் தோளை மூடிய டெல்டாய்டு தசைக்கு அடியில் உள்ள நீர்ப்பைகள் வீங்கியிருந்தால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற வேறு நோயின் திசையில் ரத்தப் பரிசோதனை தேவை.

வெளிச்சுழற்சி முற்றிலும் பூட்டிக்கொண்டிருந்தால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பின்புறமாக நழுவிய மூட்டு. வலிப்பு வந்த பிறகோ மின்சாரம் தாக்கிய பிறகோ இது நேரும், முன்புற எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். ப்ரோபைப் பின்புறம் குறுக்காக வைத்தால் எலும்புத் தலை குழியின் விளிம்பைத் தாண்டிப் பின்னே நிற்பது தெரிந்துவிடும்.

எலும்புக்குள் இருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டாது. மேற்கை எலும்பில் பரவிய புற்றுநோயும், மூட்டுத் தேய்வும் தோளை இதேபோல இறுக்கும். ஆகவே ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஓர் எக்ஸ்ரே கூடவே வேண்டும். உறைந்த தோளில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அந்த இயல்புதான் நமக்குத் தேவை.

ஸ்கேன் இயல்பு என்று வந்து, கையோ எந்தப் பக்கமும் திரும்பவில்லை என்றால் கையைத்தான் நம்ப வேண்டும். முதல் சில வாரங்களில் மூட்டுறை தடிக்கும் முன்பே வலி தொடங்கிவிடும். மறுபக்கம், அறுபதைக் கடந்தவரின் தோளில் சிறு கிழிசல் தற்செயலாகவே இருக்கலாம். தோள் இறுகியிருப்பதற்கு அந்தக் கிழிசலே காரணம் என்று முடிவு கட்டி அறுவைக்கு அனுப்பினால் இறுக்கம் கூடும் ஆபத்து உண்டு.

எழுதப்படும் அறிக்கையில் இருக்க வேண்டியவை: வெளிச்சுழற்சி எத்தனை பாகை, கொராகோஹியூமரல் இணைப்புநார் எத்தனை மி.மீ., அக்குள் மூட்டுறை எத்தனை மி.மீ., இரண்டுக்கும் மறு தோளின் அளவு, டாப்ளர், சுப்ராஸ்பினேட்டஸ் அக்ரோமியனுக்கு அடியில் வழுக்கியதா, எந்தப் பகுதியைப் பார்க்க முடியவில்லை.

நோய் இதுதான் என்று தெரிந்து, ஸ்கேன் பார்த்தபடியே மூட்டுக்குள் ஊசி போடும்போது இன்னொரு சான்றும் கிடைக்கிறது. பின்புறமாகச் செலுத்தும் ஊசி எலும்புத் தலைக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே நுழைந்ததும், நல்ல மூட்டில் மருந்து தடையின்றி வழிந்து பரவும். உறைந்த மூட்டில் சில மி.லி. போனதுமே பிஸ்டன் கனக்கத் தொடங்கும், திரையில் மூட்டுறை பலூன் போலப் புடைக்கும். உறையை விரிப்பதற்காக உப்புநீரைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் தடை சட்டென்று விலகி, புடைப்பு வற்றும். உறை எங்கோ கிழிந்து திரவம் வெளியே போய்விட்டது என்று அதற்குப் பொருள். ஊசி தசைக்குள் தவறிப்போனாலும் பிஸ்டன் கனக்கும் என்பதால், கனத்தை மட்டும் நம்பாமல் திரவம் போகும் இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்தில் ஸ்டீராய்டு சேர்ந்திருந்தால் நீரிழிவு உள்ளவருக்கு அடுத்த சில நாட்கள் சர்க்கரை ஏறும். அதை அன்றே சொல்லி, வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்ப வேண்டும்.